மழைக்கு வந்த மேனேஜர்

காலை ஐந்து மணி இருபது நிமிடம். சமையலறையில் விளக்கு ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தது. உள்ளே நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது ஓர் அலுமினியக் குண்டா. எங்கள் வீட்டுப் பாத்திரம் இல்லை. அடுப்பின் இரண்டு பர்னர்களையும் மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. வெளிப்புறம் முழுக்க விறகுக் கரி. விளிம்புக்குக் கீழே மஞ்சள் பெயிண்டில் ஒரு வண்டியின் எண்.

அதன் முன்னால் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு என் கணவர் குமரேசன் நின்றார். குண்டாவுக்குள் தக்காளி சாதம் கொதித்துக்கொண்டிருந்தது. ஒன்பது பேர் வயிறு நிறையச் சாப்பிடலாம். வீட்டில் நாங்கள் மூன்று பேர். அதில் ஒருத்தி ஒன்றாம் வகுப்பு படிப்பவள்.

யாருக்கு இத்தனை என்று கேட்டேன்.

"அளவு தெரியல அம்மிணி. நான் பாத்த சமையலெல்லாம் இந்தக் குண்டாவுலதான்," என்றார். கிளறுவதை நிறுத்தவில்லை. "நீ போயி கெளம்பற வழியப் பாரு. இன்னைல இருந்து ஷிஃப்டு என்னுது."

அன்று நான் நாமக்கல் போயாக வேண்டும். அதுவரை திருச்செங்கோட்டில் இருந்தபடியே எங்கள் நாளிதழுக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன். நாமக்கல்லில் மாவட்ட நிருபராக இருந்தவர் பதவி உயர்வு பெற்று வேறு ஊருக்குப் போகவிருந்தார். ஒரு மாதம் அவர் இடத்தில் இருந்து பாருங்கள், சரிப்பட்டால் உங்களுக்கே என்று சேலம் அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள். சரிப்படாவிட்டால் அடுத்த வாய்ப்பு எப்போது வரும் என்று அவர்கள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

வண்டியில் இருக்கிறவர்

சில வாரங்களுக்கு முன் இந்தத் தொடரில் என் முதல் செய்தியைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த ஆத்தூர் வாசகி ஒருவர், வேலையையும் பிள்ளையையும் ஒரே நேரத்தில் எப்படிப் பார்த்தீர்கள், நேரத்தை எப்படிப் பிரித்துக்கொண்டீர்கள் என்று கேட்டிருந்தார். அவருக்குக் கைக்குழந்தை, வங்கி வேலை. என்னிடம் இருக்கிற பதிலுக்கு இந்தக் குண்டாதான் ஆரம்பம். அது எங்கள் அடுப்புக்கு எப்படி வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

திருச்செங்கோட்டில் ஒரு பெண்ணிடம், உங்கள் வீட்டுக்காரர் என்ன செய்கிறார் என்று கேட்டால், "வண்டியில இருக்காருங்க" என்று சொல்வார். லாரியா, பஸ்ஸா என்று யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை. ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டி. வண்டியின் பதிவு எண் எங்கள் ஊர். வேலை நடக்கும் இடம் மத்தியப் பிரதேசமோ சத்தீஸ்கரோ. டிரில்லர், உதவியாளர்கள், சமையல்காரர், இவர்களை மேய்க்க ஒரு மேனேஜர். குமரேசன் அப்படி ஒரு மேனேஜர்.

வடக்கே மழை இறங்கினால் வேலை நின்றுவிடும். மண் சேறாகிவிட்டால் அத்தனை கனமான வண்டி எந்தக் காட்டுக்குள்ளும் போகாது. ஆனி கடைசியில் வண்டிகள் ஒவ்வொன்றாக ஊர் திரும்பும். அந்த வருடம் கேம்ப்பில் சமைக்கிற குண்டாவும் குமரேசனோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது. எங்கள் தெருவில் பகல் நேரத்தில் ஆண்கள் நடமாடுவது அப்போதுதான். சலூனில் இடம் இருக்காது. கறிக்கடையில் வரிசை நிற்கும். ஆயுத பூஜை முடிந்ததும் மறுபடியும் எல்லாம் காலியாகிவிடும்.

வந்த முதல் வாரம் கோழிக்குழம்பும் சிரிப்புமாகப் போகும். இரண்டாவது வாரத்திலிருந்து, சர்க்கரை எங்கே, கத்திரிக்கோல் எங்கே, என் பழைய சட்டை எங்கே என்று ஒரு குரல் வீட்டுக்குள் கேட்டுக்கொண்டே இருக்கும். மூன்றாவது வாரம் ரேஷன் கடையில் பெண்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வார்கள்: "அங்க மழை நின்னு போச்சுங்களாமா?" வெளியூர்க்காரர்கள் அதை ஏக்கம் என்று நினைக்கலாம்.

நானும் அப்படிக் கேட்டவள்தான். அவர் இல்லாத மாதங்களில் எங்கள் வீடு ஒரு முறையோடு ஓடியது. அவர் வந்தால் அந்த முறை கெட்டது.

குருவி கத்தினால் வேன்

அந்த முறையை நான் என் கைபேசியில் வைத்திருந்தேன். ஒவ்வொரு வேலைக்கும் ஓர் அலாரம். ஒவ்வொரு அலாரத்துக்கும் ஒரு சத்தம். நாதஸ்வரம் கேட்டால் என் மகள் தன்யா பல் துலக்க வேண்டும். கோயில் மணி அடித்தால் சாப்பாடு. காலையும் மாலையும் குருவி கத்தினால் பள்ளி வேன். மாலையில் தண்ணீர் சொட்டும் சத்தம் வந்தால் நான் செய்தி அனுப்பி முடித்திருக்க வேண்டும்.

ஆட்சியர் அலுவலகத்தில் ஓர் அதிகாரி கோடைக்காலக் குடிநீர் ஏற்பாடுகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது என் பையிலிருந்து குருவி கத்தியது. அவர் பேச்சை நிறுத்திவிட்டு ஜன்னலைப் பார்த்தார். அருகிலிருந்த நிருபர் என்னைப் பார்த்தார். நானும் ஜன்னலைப் பார்த்தேன்.

ஒரு நாள் சார்ஜ் தீர்ந்து கைபேசி அணைந்துவிட்டது. வாசலில் வேன் ஹாரன் அடிக்கிறது. பையை மாட்டியிருந்த தன்யா நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

"குருவி கத்துனாத்தானம்மா போவோணும்?" என்றாள்.

டிரைவர் இரண்டாவது முறை ஹாரன் அடித்தார். நானே குருவி மாதிரி கத்திக் காட்டினேன். அதன் பிறகுதான் எழுந்தாள்.

விடிவதற்கு முன்பே எழுவதும் அந்த முறையில் ஒன்று. நாமக்கல் சாலையில் கோழிப்பண்ணைகளுக்குள் சூரியன் வருமுன்பே விளக்கு எரிவதைப் பார்த்திருப்பீர்கள். பகல் நீளம் என்று கோழி நம்பினால் முட்டை கூடும். பண்ணைகளைப் பற்றி ஒரு கட்டுரைக்காகப் போனபோது இதைக் கேட்டுக்கொண்டு வந்தேன். மறுநாளே என் பகலையும் நீட்டினேன். பருப்பை வேக வைத்துக்கொண்டே செய்தி எழுதினேன். தலை பின்னிக்கொண்டே தொலைபேசியில் பேட்டி எடுத்தேன். முதல் மாதம் நன்றாகத்தான் இருந்தது. பிறகு நீட்டிய பகல் முழுவதும் தூக்கக் கலக்கத்தில் போயிற்று. கோழிகளுக்கு இரவில் இருட்டும் தேவை என்று பண்ணைக்காரர் சொன்னதை நான் கட்டுரையில் எழுதியிருந்தேன். என் வீட்டில் கடைப்பிடிக்கவில்லை.

நான்கு கட்டங்கள்

அதே காலத்தில் ஒரு கல்லூரியில் மகளிர் தின விழா. 'நேரத்தை வெல்வோம்' என்று தலைப்பு. சென்னையிலிருந்து வந்திருந்த அம்மையார் திரையில் நான்கு கட்டங்கள் போட்டுக் காட்டினார். அவசரமும் முக்கியமும் ஒரு கட்டம், முக்கியம் ஆனால் அவசரமில்லை இன்னொன்று, இப்படி நான்கு. நல்ல பேச்சு. முழுக்கக் கேட்க முடியவில்லை. செய்தி அனுப்பும் நேரமாகிவிட்டதால் பாதியில் எழுந்து வந்துவிட்டேன். மீதியை ஒரு பேராசிரியையிடம் கேட்டு எழுதினேன்.

வீட்டுக்கு வந்து ஒரு தாளில் நானும் நான்கு கட்டங்கள் போட்டேன். பால், வீட்டுப்பாடம், கேஸ் புக்கிங், விபத்துச் செய்தி, தடுப்பூசி, மறுநாள் பேட்டி. எல்லாம் முதல் கட்டத்துக்குள்ளேயே விழுந்தன. மற்ற மூன்றிலும் தன்யா யானை வரைந்தாள்.

பக்கத்து வீட்டு முன்னறை

குமரேசன் இல்லாத மாதங்களில் பள்ளி விட்டதும் தன்யா பக்கத்து வீட்டு மும்தாஜ் அக்காவிடம் இருப்பாள். அக்கா வீட்டு முன்னறையிலேயே புடவையும் நைட்டியும் விற்கிறவர். ஈரோட்டிலிருந்து அவர் கணவர் துணி எடுத்து வருவார், இவர் விற்பார். அவர் மகளும் தன்யாவும் ஒரே வகுப்பு. நான் வேலை முடித்து வருவதற்குள் இரண்டும் துணிக்கட்டுகளுக்கு நடுவே வீடு கட்டி, சண்டை போட்டு, சமாதானமாகியிருக்கும்.

பிள்ளையை அங்கே விட்டிருந்தேனே தவிர, பிள்ளையை விட்டு நான் வரவில்லை. பேருந்து நிலையத்திலிருந்து ஒரு போன், பால் குடித்தாளா என்று. காவல் நிலைய வாசலிலிருந்து ஒன்று, ஷூவைக் கழற்றினாளா என்று. செய்தி எழுதும்போது ஒன்று. அனுப்பிய பிறகு ஒன்று.

ஒரு நாள் அக்கா வாடிக்கையாளருக்குப் புடவையை விரித்துக் காட்டிக்கொண்டே போனை எடுத்தார்.

"ஏன் சுமதி, நான் உம் புள்ளைக்குச் சோறு போடட்டுமா, உம் போனுக்குப் பதில் சொல்லட்டுமா? ரெண்டுல ஒண்ணு சொல்லு."

பின்னால் யாரோ சிரிக்கும் சத்தம் கேட்டது. நானும் சிரித்துவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் போன் செய்தேன்.

கிழங்கு கொட்டிய திங்கட்கிழமை

இனி தக்காளி சாதத்துக்கு வரலாம். அன்று காலை தன்யாவின் டப்பா, என் டப்பா, மும்தாஜ் அக்கா வீடு, எதிர்வீடு என்று பங்கு போட்டும் குண்டாவில் மீதி இருந்தது. நான் நாமக்கல் பேருந்தில் ஏறினேன். வழியில் வேலகவுண்டம்பட்டி வருவதற்குள் வீட்டுக்கு இரண்டு முறை பேசிவிட்டேன்.

முதல் வாரம் முழுக்க அப்படித்தான். குமரேசன் தலை பின்னினால் ஒரு சடை மேலே, ஒன்று கீழே இருந்தது. சாம்பாரில் கேம்ப் காரம். தன்யாவை ஹோம்வொர்க் எழுத வைக்கிறேன் என்று உட்கார்ந்து, வண்டி எப்படிக் கல்லை உடைக்கிறது என்று படம் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், நான் ஒவ்வொன்றையும் போனில் கேட்டேன். முதலில் பொறுமையாகப் பதில் சொன்னார். பிறகு "ம்" என்றார். பிறகு தன்யாவிடம் போனைக் கொடுத்துவிட்டார்.

திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்கு மரவள்ளி விவசாயிகள் சாக்கு சாக்காகக் கிழங்கு கொண்டுவந்திருந்தார்கள். கிழங்குக்கு விலை இல்லை என்று சொல்லி ஆட்சியர் அலுவலக வாயிலில் கொட்டினார்கள். மண் ஒட்டிய கிழங்குகள் படிக்கட்டு வரை உருண்டன. நல்ல படம். எல்லா நிருபர்களும் எடுத்தார்கள். நான் அப்போது வேப்ப மரத்தடியில் வாயிலுக்கு முதுகைக் காட்டி நின்றபடி, நாளைக்கு டிராயிங் நோட்டு வைக்க வேண்டும் என்று போனில் சொல்லிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தபோது காவலர்கள் கிழங்கைக் கூட்டிக் குவித்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் காலை சேலத்திலிருந்து செய்தி ஆசிரியர் பேசினார். அவர் சத்தம் போடுகிறவர் இல்லை.

"மத்த பேப்பர்ல எல்லாம் மொதப் பக்கத்துல படம் இருக்கு. நம்மகிட்ட நாலு வரி இருக்கு. எங்க இருந்தீங்க சுமதி?"

"அங்கதான் சார் இருந்தேன்."

"மாசம் முடியறதுக்கு இன்னும் நாள் இருக்கு. பாத்துக்கங்க," என்று வைத்துவிட்டார்.

லீவரில் இரண்டு கைகள்

அன்று மாலை வீட்டில் இதைச் சொன்னேன். குமரேசன் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். தான் பார்த்த ஒரு கதையைச் சொன்னார்.

ரிக் வண்டியில் பகலும் இரவும் வேலை நடக்கும். ஒரு டிரில்லர் ஓய்வுக்குப் போனால் இன்னொருவர் வருவார். மாறும்போது இருவரும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று பேச வேண்டும். துளைக்கும் இரும்புக் குழாயான ராடு எத்தனை உள்ளே போயிருக்கிறது, என்ன நிறத்தில் கல்தூள் வருகிறது, எந்த ஆழத்தில் ஈரம் தட்டியது, எங்கே இயந்திரம் முனகியது. சொல்லி முடித்ததும் புதியவர் லீவரில் கை வைப்பார். பழையவர் கையை எடுப்பார். எடுத்தவர் அதன் பிறகு அங்கே நிற்கக் கூடாது. போய்ச் சாப்பிட்டுவிட்டுப் படுக்க வேண்டும்.

அவருடைய முதல் வண்டியில் ஒரு மூத்த டிரில்லர் இருந்தாராம். கெட்டிக்காரர். ஆனால் கையை எடுத்த பிறகும் போக மாட்டார். பின்னால் நின்றுகொண்டு தூக்கு, இறக்கு, காற்றைக் கூட்டு என்று சொல்லிக்கொண்டே இருப்பார். புதிதாக வந்தவர் பாதி தன் யோசனைப்படியும் பாதி அவர் சொன்னபடியும் ஓட்டினார். ஒரு நாள் கல்தூள் மேலே வராமல் உள்ளேயே இறுகி, ராடுகளைப் பிடித்துக்கொண்டது. என்ன இழுத்தும் வரவில்லை. ராடுகளும் அவற்றின் நுனியில் கல்லை உடைக்கும் சுத்தியலும் இன்னும் அந்தக் குழிக்குள்தான் இருக்கின்றனவாம்.

"ஓனரு வந்து, யாருடா லீவர்ல இருந்தீங்கன்னு கேட்டாரு. ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் கையக் காட்டுனாங்க. ரெண்டு பேர் சொன்னதும் நெசம்தான்," என்றார் குமரேசன்.

பூண்டுத் தோலை ஊதித் தள்ளினார். "நீ வேப்பமரத்துக்கடியில நின்னுக்கிட்டு இங்க லீவரப் புடிச்சிருக்கற அம்மிணி. அங்கயும் வண்டி ஓடல, இங்கயும் ஓடல."

எனக்குக் கோபம் வந்தது. வருடத்தில் பெரும்பகுதி ஊரில் இல்லாதவர் சொல்கிறார் என்று நினைத்தேன். அதைச் சொல்லவும் செய்தேன். ஆமாம் என்று ஒத்துக்கொண்டார். அது இன்னும் கோபமாக இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவரே கேட்டார்: "ஷிஃப்டு மாத்தறப்ப சொல்ல வேண்டியத நீ எனக்கு இன்னும் சொல்லவே இல்ல. இப்பச் சொல்லு."

சொன்னேன். தன்யாவுக்குக் கத்தரிக்காய் பிடிக்காது, ஆனால் கொத்சில் கடைந்து கொடுத்தால் தெரியாமல் சாப்பிடுவாள். இடது கால் ஷூ இறுக்குகிறது. கேட்டால் இல்லை என்பாள். பள்ளியில் கழிவறைக்குப் போகப் பிடிக்காமல் தண்ணீர் குடிக்க மாட்டாள். அதனால் வீட்டுக்கு வந்ததும் முதலில் தண்ணீர். பயந்தால் பேச்சு நின்றுவிடும். அப்போது கேள்வி கேட்கக் கூடாது, பக்கத்தில் உட்கார வேண்டும். இப்படி வந்துகொண்டே இருந்தது. என் தலைக்குள் அத்தனை இருப்பது சொல்லும்போதுதான் எனக்கே தெரிந்தது. எந்த அலாரத்திலும் அவை இல்லை.

அவர் எழுதிக்கொள்ளவில்லை. நடுநடுவே ஒன்றிரண்டு கேட்டார். எது அவசரம் என்று ஒரு முறைகூடக் கேட்கவில்லை.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதாங்க."

"அப்பக் கைய எடு."

ஒரு வெள்ளைச் சட்டை

அதற்குப் பிறகு ஒரு புதன்கிழமை. நாமக்கல்லில் அன்றைய முட்டை விலைக்காகக் காத்திருந்தேன். அந்த விலை வராமல் எங்கள் மாவட்டத்தில் எந்த நாளிதழின் பக்கமும் முடியாது. வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஆசிரியை ஒரு படம் போட்டிருந்தார். பிள்ளைகள் தோட்டத்தில் வரிசையாக நிற்கிறார்கள். எல்லோரும் நீலச் சீருடை. நடுவில் ஒன்று மட்டும் வெள்ளை, விளையாட்டு நாள் உடை. என் மகள்.

கைபேசியில் குமரேசனின் பெயரை எடுத்தேன். கட்டை விரல் பெயருக்கு மேலே நின்றது. இப்போது பேசி என்ன செய்யப் போகிறார்? வெள்ளைச் சட்டை நீலமாகாது. தன்யா அழுதிருந்தால், அவள் வீட்டுக்கு வந்ததும் பக்கத்தில் உட்காரத் தெரிந்தவர் அங்கே இருக்கிறார்.

போனைக் கவிழ்த்து வைத்தேன். முட்டை விலை வந்தது. அதைப் போட்டேன். ஒரு சாலை மறியல், ஒரு லாரி கூண்டு கட்டும் பட்டறையில் தீ, இரண்டையும் அங்கங்கே இருந்தவர்களிடம் நின்று பேசி, முழுதாக எழுதினேன். வழக்கத்தைவிட முன்பாகவே பக்கம் முடிந்தது. பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. தூங்கிவிட்டேன். திருச்செங்கோட்டில் கண்டக்டர் எழுப்பினார்.

வீட்டில் தன்யா வெள்ளைச் சட்டையிலேயே இருந்தாள். நான் கேட்கவில்லை. அவளாகவே சொன்னாள்.

"எல்லாரும் நீலச் சட்டைம்மா. நா மட்டும் வெள்ளை. மிஸ்ஸு என்னைய லைனுக்கு லீடராக்கிட்டாங்க."

குமரேசன் தோசை ஊற்றிக்கொண்டிருந்தார். "கெழமைய மாத்திட்டேன்," என்றார். அவ்வளவுதான். மாவு கேம்ப் அளவில் இல்லாமல் மூன்று பேர் அளவுக்கு வந்திருந்தது.

ஆத்தூர் வாசகிக்கு என்னால் சொல்ல முடிந்தது இவ்வளவே. நான் அந்த மாதத்தில் ஒரு நிமிடத்தைக்கூடப் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. இரண்டு இடத்தில் செலவாகிக்கொண்டிருந்த அதே நேரம் ஒரு இடத்தில் செலவானது. நாமக்கல்லில் இருந்தபோது நாமக்கல்லில் இருந்தேன். வீட்டுக்கு வந்த பிறகு செய்தி தருகிறவர் யாராவது கூப்பிட்டால், காலையில் பேசுகிறேன் என்று சொல்லப் பழகினேன். அலாரங்களை ஒவ்வொன்றாக நீக்கினேன். குருவியை மட்டும் தன்யா விடவில்லை.

பொரியும் கடலையும்

ஒரு மாதம் இரண்டாக நீண்டது. செய்தி ஆசிரியருக்குத் திருப்தி. "பொறுப்ப எடுத்துக்கறதா இல்லையான்னு ஆயுத பூஜைக்குள்ள சொல்லிடுங்க. வேற ஒருத்தரும் கேட்டுக்கிட்டு இருக்கார்," என்றார்.

வடக்கே மழை நின்றுவிட்டது. ஓனரின் ஷெட்டில் வண்டிகளுக்கு டயர் மாற்றி, கம்ப்ரஸரைப் பிரித்துப் பூட்டி, பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். பூஜை முடிந்த மூன்றாம் நாள் குமரேசனின் வண்டி கிளம்பும். இது எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு.

மும்தாஜ் அக்காவிடம் கேட்டேன். அவர் மழுப்பவில்லை.

"பள்ளிக்கூடம் விட்டு வந்தா எம் புள்ளையோட புள்ளையா இருக்கட்டும். அதுக்கு நீ கேக்கவே வேண்டாம். இருட்டற வரைக்கும், அதுக்கு மேலயும்னா தெனமும் என்னால ஆகாது சுமதி. எனக்கு யாவாரமே அப்பத்தான். முகூர்த்த மாசம் வந்துட்டா இந்த ரூம்புல நானே நிக்க எடமிருக்காது."

நியாயம்தான். மாவட்ட நிருபர் முட்டை விலை வரும்வரை நாமக்கல்லில் இருக்க வேண்டும். அதற்குப் பிறகு பேருந்து. அந்த மாலை நேரத்துக்கு ஆள் இல்லை. எப்படிப் பிரித்துப் பார்த்தாலும் அந்த இடம் காலியாகவே இருந்தது. இந்த வருடம் வேண்டாம் என்று சொல்லிவிடுவது என முடிவு செய்தேன். அழுகை எதுவும் வரவில்லை. ஒரு செய்திக்கு இடமில்லை என்றால் எடுத்துவிட வேண்டும் என்று பழகியவள்.

பூஜையன்று ஷெட்டுக்குப் போனோம். வண்டிகளின் முகப்பில் வாழைக்கன்று, லீவர்களில் சந்தனம், டயர்களுக்கு அடியில் எலுமிச்சை. புதுப் பெயிண்ட் வாசனையும் சாம்பிராணியும் கலந்திருந்தன. தன்யா டிரைவர் இருக்கையில் ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டாள். குமரேசன் ஒரு பெரிய முறத்தில் பொரியும் கடலையும் கலந்து எல்லோருக்கும் அள்ளிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

என் பங்கை வாங்கும்போது சொன்னேன்: "சார்கிட்ட இந்த வருசம் வேண்டாம்னு சொல்லிடறனுங்க."

"எதுக்கு?"

"நீங்க கெளம்பிட்டா சாயங்காலத்துக்கு யாருங்க?"

அவர் பொரியைக் கலந்துகொண்டே கேட்டார். "ஷிஃப்ட எங்கிட்ட மாத்திக் குடுத்தது நீதான?"

"ஆமாங்க."

"திரும்ப வாங்கிக்கிட்டயா?"

"இல்லைங்க."

"அப்பறம் லீவர் யாரு கையில இருக்குது?"

அதற்குள் வெல்டர் ஒருவர் கை நீட்டினார். அவருக்கும் அள்ளிக் கொடுத்துவிட்டு மீதியைச் சொன்னார். சங்ககிரி சாலையில் ஓனர் உதிரி பாகங்களுக்கு ஒரு கிடங்கு வைத்திருக்கிறார். அங்கே பொறுப்பான ஆள் வேண்டும் என்று இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தவர். போன வாரம் குமரேசன் சரி என்று சொல்லியிருக்கிறார். சாயங்காலம் கிடங்கைப் பூட்டிவிட்டால் பள்ளிப்பிள்ளை பக்கத்து வீட்டில் ரொம்ப நேரம் இருக்க வேண்டியதில்லை.

எனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொல்லியிருந்தா பேட்டி எடுத்திருப்ப. மொதல்ல வண்டிக்கு வேற மேனேஜர் கெடைக்கறாரான்னு பாத்தேன்." பிறகு குரலைத் தாழ்த்தி, "சம்பளம் கம்மிதான். தூசியும் கம்மி," என்றார்.

வண்டிகளை ஒவ்வொன்றாக ஸ்டார்ட் செய்யத் தொடங்கினார்கள். அந்த இரைச்சலுக்கு நடுவிலேயே செய்தி ஆசிரியரைக் கூப்பிட்டேன். பொறுப்பை எடுத்துக்கொள்கிறேன் என்று இரண்டு முறை கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. எங்கே இருக்கிறீர்கள், ஏதாவது செய்தியா என்று கேட்டார். இல்லை சார், குடும்பத்தோடு இருக்கிறேன் என்றேன்.

மூன்றாம் நாள் காலை வண்டி வடக்கே கிளம்பியது. அதன் மேனேஜர் இப்போது எடப்பாடிக்காரர். அவருக்கு இரண்டு வயதில் ஒரு மகள் இருக்கிறாள்.